ஆரோவில் காடு முதல் கழுவேலி வரை: இரண்டு நாள் நடைப்பயணம்

ஆரோவில் காடுகளில் தொடங்கி, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைக் கடந்து, மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவேலி உவர்நீர் ஏரியில் முடியும் நடைப்பயணம் ஒன்றில் சென்ற தை மாதம் கலந்துகொண்டேன். நாங்கள் ஒன்பது பேர், வழிகாட்டி ஒருவர். உணவும் இரவுத் தங்கலும் சேர்த்துத் தலைக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள்.

முதல் நாள் ஒன்றுக்கே அந்தத் தொகை தகும். 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேடு வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. பெய்த மழையெல்லாம் மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. மரம் நட்டதால் காடு வந்தது என்று நினைத்திருந்த எங்களை, வழிகாட்டி முதலில் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மண்கரையின் மேல் நிற்கவைத்தார். ஓடும் நீரை இப்படி மறித்து நிலத்துக்குள் இறக்கிய பிறகுதான் கன்றுகள் பிழைத்தன என்று சொல்லி, கரையின் உட்புறத்தில் சருகை விலக்கி ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டினார். கருத்து, ஈரமாக, விரலில் ஒட்டியது. நாங்கள் ஏறி வந்த வண்டிப்பாதையில் அதே மண் செங்கல்லாக இறுகியிருந்தது.

சற்றுத் தள்ளி, 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த அகேசியா மரமொன்று கறையானுக்கு இரையாகிக் கிடந்தது. நிழலுக்காகவும் மண்ணைத் தேற்றுவதற்காகவும் முன்பு நட்ட ஆஸ்திரேலிய மரம் அது. அதன் இடத்தில் இப்போது உள்ளூர் மரங்களான வீரையும் காயாவும் சாணளவுக் கன்றுகளாக எழுந்திருந்தன. அவற்றின் பெரிய மரங்களை மாலையில் கோயில் காட்டில் கண்டோம். இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட மாதங்களிலும் பச்சையாகவே நிற்கும் காடு, எஞ்சியிருக்கும் சில இடங்களுள் அது ஒன்று. கொடிகள் பின்னிய, அதிக உயரமில்லாத, பகலிலும் மங்கலான அந்தக் காட்டைப் பார்த்த பிறகே, காலையில் கண்டது எந்த வடிவத்தை நோக்கி வளர்கிறது என்பது விளங்கியது. பயணப் பாதையை வகுத்தவரின் கெட்டிக்காரத்தனம் இது.

இரண்டாம் நாளில் அந்தக் கவனம் இல்லை. சிற்றுண்டி எட்டரை மணிக்குத்தான் வந்தது. ஏரிக்கரைகள் வழியே நடந்து கழுவேலியை அடைந்தபோது உச்சிவெயில். பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் பெரிய உவர்நீர்ப் பரப்பு, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், எங்களுக்குக் கண்கூசும் தகடாக மட்டுமே தெரிந்தது. தொலைவில் வெள்ளையாக நின்றவை பூநாரைகளா கூழைக்கடாக்களா என்று வாதிட்டோம். தொலைநோக்கி ஒன்றே இருந்ததால் என் முறை வருவதற்குள் அவை பறந்துவிட்டன. மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய வழிகாட்டி, மழைநீரும் கழிமுக உப்புநீரும் கலப்பதால்தான் இங்கே இத்தனை பறவைகள் என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். குடிநீரும் அதற்குள் தீர்ந்திருந்தது.

போகிறவர்கள் மழைக்குப் பின், கழுவேலியில் தண்ணீர் நிற்கும் மாசிக்குள் போங்கள். இரண்டாம் நாள் விடியுமுன் புறப்படுவார்களா என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்பே பணம் கட்டுங்கள். தொலைநோக்கியும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.