படிவத்தில் கெட்டி, உறவுமுறையில் கோட்டை விட்டவர்கள்

கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையின் செயலாளர் என்ற முறையில், 2023-24 நிதியாண்டுக்காக நாங்கள் 24,000 ரூபாய் கட்டிப் பெற்ற ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறேன். வருமானவரித் தாக்கல்களைக் கவனிப்பதும், அறங்காவலர்களின் சொந்த நலன் அறக்கட்டளையின் நலனோடு மோதாமல் இருப்பதற்கான விதிமுறைகளை எழுதித் தருவதும் அந்த ஆலோசனை நிறுவனம் ஒப்புக்கொண்ட வேலைகள். குறையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

தாக்கல் வேலையில் அவர்கள்மீது சொல்லக் குறையில்லை. நன்கொடையாளர் விவரங்களைத் தரும் 10பிடி படிவத்தை மே 31ஆம் தேதிக்குள் பதிவேற்றாவிட்டால் அப்போதைய விதிப்படி நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் விழும். அவர்கள் மே முதல் வாரத்திலேயே முடித்துவிட்டார்கள். எங்கள் ரசீதுப் புத்தகத்தை ஏடு ஏடாகப் புரட்டி, ரொக்கமாக வாங்கிய 5,000 ரூபாய் நன்கொடை ஒன்றைப் பென்சிலால் வட்டமிட்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி பிரிவின்கீழ் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று எச்சரித்த அந்த இளம் கணக்கரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சிக்கல் விதிமுறைகளில்தான் இருந்தது. வழவழப்பான அட்டையில் கட்டி, 14 பக்கக் கையேடாகத் தந்தார்கள். 'உறவினர்' என்ற சொல்லுக்கு அதில் கொடுத்திருந்த பட்டியல் கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர் என்ற அளவில் நின்றிருந்தது. இது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் பட்டியல். நாங்கள் நிறுவனம் அல்லவே. எங்களைக் கட்டுப்படுத்தியது, அவ்வாண்டில் நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அதன்படி மனைவியின் அண்ணன் தம்பிகளும், பேரன் பேத்திகளும், உடன்பிறந்தவரின் வழித்தோன்றல்களும் உறவினர்களே.

அந்த ஜூலையில் வந்த விண்ணப்பங்களில் ஒன்று எங்கள் மூத்த அறங்காவலரின் தங்கை பேத்தியுடையது. மதிப்பெண்ணிலும் குடும்ப வருமானத்திலும் முழுத் தகுதி உள்ள பெண். கையேட்டின் பட்டியலைப் பார்த்தால் அவள் உறவினரே அல்ல; உறவினர் என்றே வைத்துக்கொண்டாலும், அறங்காவலர் அதை அறிவித்துவிட்டுக் கூட்டத்திலிருந்து வெளியேறினால் மற்றவர்கள் முடிவெடுக்கலாம் என்று அதே கையேடு சொல்கிறது. பெரியவரும் அதை நம்பி எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். தீர்மானப் புத்தகத்தில் பேனாவை வைக்கும் முன்பு எனக்கு என்னவோ உறுத்தவே, எங்கள் தணிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொன்னது இதுதான்: எழுந்து போவது முறையான நடத்தைதான், ஆனால் அறக்கட்டளையின் பணம் அறங்காவலரின் உறவினருக்குப் பயன்பட்டது என்ற உண்மையை அது மாற்றாது. உதவித்தொகையான 40,000 ரூபாய் வரிவிலக்கை இழந்து 30 சதவீத வரிக்கு உள்ளாகும். அந்த 40,000 ரூபாய்க்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்கவும், மறுபடி நடந்தால் இரட்டிப்பாக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் பெண்ணுக்கான தொகையைப் பெரியவர் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்.

இன்னொரு அறங்காவலரின் கடையிலிருந்து நோட்டுப் புத்தகங்கள் வாங்குவது வேறு கதை. விலை நியாயமானதாக இருந்தால் சட்டம் அதைத் தடுப்பதில்லை. எனவே, மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் வைத்து, அவர் அதில் வாக்களிக்காமல் இருந்தால் போதும். கொள்முதலுக்கு ஒரு விதி, உதவித்தொகைக்கு வேறொரு விதி என்ற இந்த வேறுபாடுதான் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியவேண்டியது. 14 பக்கங்களில் ஒரு வரிகூட அதைப் பற்றி இல்லை.

பிழையைச் சுட்டிக்காட்டியபோது மறுப்புச் சொல்லாமல் பத்து நாளில் திருத்திக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், சம்பந்தியையும் சேருங்கள் என்று கேட்டதற்கு, "சார், சம்பந்தி எந்தச் சட்டத்திலும் உறவினர் இல்லை" என்று பதில் வந்தது. வருமானவரிச் சட்டத்தைப் பொறுத்தவரை அது சரிதான். நம் ஊரில் சம்பந்தி கேட்டு முடியாது என்று சொல்லக்கூடிய மனிதர் யார் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். நாங்களே பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டுக்குத் தாக்கல் வேலையை மட்டும் 15,000 ரூபாய்க்கு அவர்களிடமே கொடுத்தோம். விதிமுறைக் கையேட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு அறங்காவலரும் தம் உறவினர்களையும், தமக்குப் பங்குள்ள கடை, தொழில்களையும் தம் கையால் எழுதிக் கையொப்பமிடும் ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தைத் தணிக்கையாளரின் உதவியோடு தயாரித்து, ஏப்ரல் கூட்டத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறோம். உதவித்தொகை விண்ணப்பங்களை அதனோடு ஒப்பிட்ட பிறகே பரிசீலனைக்கு எடுக்கிறோம்.