அப்பாவின் பாதப்புண்ணும் 21 நாள் வைத்தியமும்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்திடம் நாங்கள் ஏமாந்த விதத்தை, சீனி வருத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டார் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு. பெருவிரலின் அடியில் தடித்திருந்த தோல் வெடித்துப் புண்ணானபோது, "வெட்டாமல் 21 நாளில் ஆற்றித் தருகிறோம்" என்ற துண்டுப்பிரசுரத்தை நம்பி அங்கே அழைத்துச் சென்றேன். ஒரு தடவை மருந்து கட்ட 4,500 ரூபா. நாள்தோறும் புண்ணைச் சுற்றி அழுத்தி, "நோகுதா ஐயா?" என்பார்கள், அப்பா இல்லை என்பார், "அப்படியென்றால் மாறி வருகிறது" என்பார்கள். நீண்டகால நீரிழிவில் பாத நரம்புகள் உணர்விழப்பதால்தான் நோவதில்லை என்பதும், புண் வருவதற்கே அந்த நோவின்மை ஒரு காரணம் என்பதும் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எனக்குத் தெரிந்திருக்கவில்லை, நோவில்லை என்றதும் நானும் மகிழ்ந்தேன்.

18 ஆம் நாள் விரல் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகே அரச வைத்தியசாலைக்கு ஓடினோம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் வைத்தியர் பாதத்தில் பல இடங்களைத் தொட்டார். கண்களை மூடியிருந்த அப்பா ஓரிடத்தைக்கூடச் சொல்லவில்லை. புண்ணுக்குள் விட்ட மழுங்கிய கம்பி என்பில் தட்டியது. கிருமி என்புவரை இறங்கியிருந்ததால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

தாதி ஒருவர் அப்பாவின் இறப்பர் செருப்பைப் புரட்டிப் பார்த்தார். அறுந்த வாரை அப்பா ஊக்கு குத்திச் சமாளித்திருந்தார். அந்த ஊக்கு இறப்பரை மேலே தள்ளி, புண் இருந்த அதே இடத்தில் மேடாக நின்றது. 18 நாளும் அந்த நிலையத்தின் வாசலில் கழற்றி வைத்ததும், மருந்து கட்டிய காலில் மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்ததும் அந்தச் செருப்பைத்தான். பாதத்தின் அடியில் வரும் இப்படியான புண்ணில் பாரம் விழாமல் காப்பதும், காலுக்கு இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும், இறந்த சதையை அகற்றுவதும் களிம்புக்கு முன்னரே நடக்க வேண்டியவை என்று வைத்தியர் விளக்கினார். இவற்றில் ஒன்றைக்கூட அந்த நிலையத்தில் எவரும் செய்யவில்லை.

கட்டிய 81,000 ரூபாவுக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று பற்றுச்சீட்டில் தேடினேன். "விசேட தைலம்" என்று மட்டுமே இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 21 நாளும் முடிக்காமல் இடையில் நிறுத்தியவர்கள் நாங்கள்தான் என்று பதில் சொன்னார்கள்.