மதம் கேட்காத கல்யாணப் படிவம்: பெங்களூருவில் சிறப்புத் திருமணச் சட்டப் பதிவு

பெயர், மணமாகாதவரா விவாகரத்து ஆனவரா என்ற விவரம், தொழில், வயது, இப்போது குடியிருக்கும் இடம், நிரந்தர முகவரி, எத்தனை நாளாக அங்கே இருக்கிறீர்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் தரும் அறிவிப்புப் படிவம் இவ்வளவுதான் கேட்கிறது. மதத்துக்கு அதில் கட்டம் கிடையாது, சாதிக்கும் கிடையாது. கடவுளை நம்பாதவருக்கும், வெவ்வேறு மதத்தில் பிறந்த இருவருக்கும் இந்த அரசு செய்து தரும் சேவைகளில் இதுவே ஆகச் சிறந்தது. அந்தப் படிவத்தைக் கொடுத்ததும் தொடங்கும் 30 நாள் காத்திருப்புதான் இதன் ஆகப் பெரிய ஓட்டையும்கூட.

கட்டம் இல்லாதது சும்மா வந்ததல்ல. கேசவ சந்திர சென் தலைமையில், வங்கத்துச் சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தார் போராடிப் பெற்ற 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில், மணமக்கள் இருவரும் ‘நான் இந்து அல்ல, கிறிஸ்தவர் அல்ல, முஸ்லிம் அல்ல’ என்று மதங்களை ஒவ்வொன்றாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். 1923இல் வந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. 1954க்குப் பிறகுதான் நம்புகிறவர் மதத்தைத் துறக்காமலும், நம்பாதவர் ஒரு மதத்தைச் சூட்டிக்கொள்ளாமலும் ஒரே மேசைக்கு முன்னால் நிற்க முடிந்தது.

பெங்களூருத் தமிழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஒரு மண்டபம் பிடித்து, ஐயர் இல்லாமல் மாலை மாற்றி உறுதிமொழி சொன்னால் சட்டப்படி கல்யாணம் ஆகிவிட்டது என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் சொன்னதும், அண்ணா ஆட்சியின் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் செல்லுபடியாக்கும் 7ஏ பிரிவை இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்ததும் ஊரறிந்த வரலாறு. ஆனால் அந்தத் திருத்தம் தமிழ்நாட்டின் திருத்தம், கர்நாடகத்துக்குப் பொருந்தாது. சட்டப்படி இருவரும் இந்துவாகக் கருதப்படுகிறவர்கள் என்றால், எல்லை தாண்டி ஓசூரில் அந்த மணத்தை நடத்தி 90 நாளுக்குள் தமிழ்நாட்டிலேயே பதிவு செய்யலாம். பெங்களூருவில் சடங்கில்லாமல் மணக்க வேண்டுமென்றால் வழி சிறப்புத் திருமணச் சட்டம்தான். மண்டப விழாவைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டப்படியான மணத்தை முன்னதாகப் பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு.

அடுத்த பள்ளம் இடைத்தரகர். ‘இன்றைக்கே சர்ட்டிபிகேட்’ என்று யாராவது சொன்னால், அது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் சான்றாக இருக்க முடியாது. பெரும்பாலும் ஏதோ ஒரு இடத்தில் மாலை மாற்றிப் படம் எடுத்து, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்து தருவார்கள். இருவரும் இந்துக்கள் என்றால் அதில் பதிவாவது பிழையில்லை. ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டத்தின் கீழ் செய்துகொண்ட மணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட ஒருவரை மதம் மாற்றிக் காட்டச் சொல்வார்கள். மதமே வேண்டாம் என்று வந்தவரை ஒரு மதத்துக்குள் தள்ளுவது அவர் மனச்சாட்சியின் மீது கைவைப்பது. பணம் கொடுப்பதற்கு முன் சான்றிதழின் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் வரும் என்று கேளுங்கள். அரசுக் கட்டணம் சிறிய தொகைதான், தரகர் கேட்பதோடு அதை ஒப்பிடவே முடியாது.

நேர்வழியில் போனால் என்னென்ன வேண்டும்? மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்று, பாஸ்போர்ட், பிறப்புச் சான்று இவற்றில் ஒன்று. இருவரில் ஒருவராவது அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் அறிவிப்பு கொடுப்பதற்கு முன் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நிலப் பத்திரம் பதிந்தது போல வசதியான அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். பி.ஜி. விடுதிகளில் இருப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆதாரில் வேலூர் முகவரி, கையில் விடுதிக் கட்டண ரசீது மட்டும் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் போட்டு, வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெங்களூரு முகவரியை மாற்றிய பிறகு போங்கள். விவாகரத்து ஆனவர் தீர்ப்பு நகலையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றையும் கொண்டுவர வேண்டும்.

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இனிஷியல். பள்ளிச் சான்றில் ‘செல்வி கே.’, ஆதாரில் ‘செல்வி’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீண்டு ‘செல்வி கண்ணன்’. மேசையில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்ற அஃபிடவிட்டை ஏற்பதும் உண்டு, ஏற்காததும் உண்டு. அறிவிப்பு கொடுப்பதற்கு முன்பே ஆதாரைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகத் திருத்திவிடுவது நல்லது, ஏனென்றால் அறிவிப்பில் போன பெயர்தான் கடைசிச் சான்றுவரை போகும்.

இனி அந்த 30 நாள். கொடுத்த அறிவிப்பைப் பதிவேட்டில் எழுதி, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார்கள். ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், 6ஆம் பிரிவின்படி அந்த மாவட்டத் திருமண அதிகாரிக்கும் ஒரு பிரதி போகும், அங்கேயும் ஒட்டப்படும். சாதி கடந்தோ மதம் கடந்தோ மணக்கிறவர்களின் உயிருக்கே இது ஆபத்தாக முடியலாம். கோயிலிலோ தேவாலயத்திலோ தங்கள் மதத்துக்குள் மணக்கிறவர்களின் முகவரியை அரசு சுவரில் ஒட்டுவதில்லை. மதத்தை விட்டு வெளியே வருகிறவரின் முகவரியை மட்டும் ஒட்டுகிறது. மதச்சார்பற்ற அரசு இப்படி நடப்பது நியாயமே இல்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், அறிவிப்பை வெளியிடுவது மணமக்கள் விரும்பினால் மட்டும் போதும் என்றது. அது உத்தரப் பிரதேசத்துக்கான தீர்ப்பு. அதைக் காட்டினால் பெங்களூருவில் ஒட்டாமல் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும் பழக்கத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் கண்டித்திருக்கிறது, சட்டமும் அப்படி அனுப்பச் சொல்லவில்லை. உண்மையிலேயே பெங்களூருவில் நிலையாகக் குடியேறியவர் நிரந்தர முகவரியாக அதையே எழுதலாம், அப்போது சொந்த ஊருக்குப் பிரதி போக வேண்டியதில்லை. மிரட்டல் இருந்தால் அறிவிப்பு கொடுக்கும் நாளிலேயே காவல் துறையிடம் எழுத்து மூலம் பாதுகாப்புக் கேளுங்கள். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் அமைக்கச் சொன்னதையும், வயது வந்தவர் விரும்பியவரை மணப்பது அடிப்படை உரிமை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

எதிர்ப்புத் தெரிவிக்க வருகிறவர் சாதியையோ மதத்தையோ பெற்றோர் சம்மதத்தையோ காரணமாகக் காட்ட முடியாது. உயிரோடிருக்கும் துணை, மனநிலை, வயது, தடைசெய்யப்பட்ட உறவு என 4ஆம் பிரிவில் உள்ளவை மட்டுமே காரணங்கள். அதிகாரி 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். எதிர்ப்பில் நியாயம் இல்லை என்றால், எதிர்த்தவரை 1,000 ரூபாய்வரை செலவுத்தொகை கட்டச் சொல்லலாம். இன்றைக்கு அந்தத் தொகை யாரையும் தடுக்காது.

தேதிக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஜூன் 2 அன்று கொடுத்த அறிவிப்பு அன்றே ஒட்டப்பட்டால், ஜூலை 2 கழிந்த பிறகுதான் மணம் முடிக்கலாம். செப்டம்பர் தொடக்கத்தோடு அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியும். அதைத் தாண்டினால் அறிவிப்பு காலாவதி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத் தேதிக்கு 60 நாள் முன்னால் கொடுப்பது பாதுகாப்பு.

மாமன் மகளையோ அத்தை மகளையோ, அக்கா மகளையோ மணக்க நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நம் வீடுகளில் முறைப்பெண்ணாக இருப்பவர் இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட உறவு. வழக்கம் உண்டென்று வாயால் சொன்னால் போதாது. அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். இத்தகைய மணங்களுக்கு இந்துத் திருமணச் சட்டமே எளிது.

மணநாளில் மூன்று சாட்சிகள் அடையாள அட்டையோடு வர வேண்டும். மூன்றாமவர் போக்குவரத்தில் சிக்கிக்கொள்வது இந்த ஊரில் அன்றாடம், நான்கு பேரைக் கூப்பிடுங்கள். எந்தச் சடங்கும் கட்டாயமில்லை. ‘இன்னாரை என் சட்டப்படியான மனைவியாக, கணவராக ஏற்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் சொல்வதுதான் மணத்தை முடிப்பது. மணமக்களுக்குப் புரியும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று 12ஆம் பிரிவு சொல்வதால் தமிழில் சொல்வது உங்கள் உரிமை. அதிகாரிக்கு முன்கூட்டியே சொல்லி, கன்னட மொழிபெயர்ப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தயக்கம் இருக்காது. அலுவலகச் சுவரில் சாமி படங்கள் இருக்கலாம், நம் அரசு அலுவலகங்களில் அது பழகிப்போன காட்சி. படத்தின் முன் கும்பிடவோ பொட்டு வைத்துக்கொள்ளவோ யாராவது சொன்னால், வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் போதும். சட்டம் கேட்பது உங்கள் வாய்மொழியையும் கையெழுத்தையும் மட்டும்.

சான்றிதழில் கையெழுத்திடும் முன் பெயர், தேதி, முகவரி மூன்றையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எழுத்துப் பிழை பின்னால் தெரியவந்தால், தெரிந்த ஒரு மாதத்துக்குள் மணமக்கள் முன்னிலையில் திருத்த 49ஆம் பிரிவு இடம் தருகிறது.

இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் மதம் கடந்த மணங்களில் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி போகும். இருவரும் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தைப் பின்பற்றுகிறவர்கள் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 21ஏ பிரிவு அவர்களை அதிலிருந்து விலக்குகிறது. எந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்பவர் எந்தப் பக்கம் என்பது பின்னாளில் பிள்ளைகளுக்கு வழக்காகலாம். ஒரு வெள்ளைத்தாளில், இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு, ஆளுக்கொரு உயில் எழுதிவிடுங்கள். சாட்சிகள் அந்த உயிலால் பயன் பெறாதவர்களாக இருக்கட்டும்.