வேபேக் மெஷின்: என் கட்டுரையின் தேதியை மீட்டுத் தந்த சேவை

2020 தைப்பூசத்துக்கு முன்னால், கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கிற பத்துமலை முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்காக என் வலைப்பதிவில் ஒரு கட்டுரை எழுதினேன். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம், கைக்குழந்தையோடு 272 படி ஏற எந்த நேரம் தோது, முழங்கால் வலிக்கார அம்மாவை எங்கெங்கே உட்கார வைத்துக் கூட்டிப் போனோம் என்பதுவரை எல்லாம் இருந்தது. கூடவே ஒரு வரி: 2006-இல் திறந்த 140 அடி முருகன் சிலைதான் உலகத்திலேயே உயரமான முருகன் சிலை. அன்றைக்கு அது சரி. 2022 ஏப்ரலில் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்தில் 146 அடி முத்துமலை முருகனுக்குக் குடமுழுக்கு ஆனதும் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.

திருத்தியது என் பக்கத்தில் மட்டும்தான். அதற்குள் கட்டுரை எங்கெங்கோ போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. தங்கை மகன் பள்ளிப் புதிர்ப்போட்டிக்குப் படிக்கும்போது, "பெரியம்மா, பத்துமலைதானே உயரம், இதுல போட்டிருக்கே" என்று ஏதோ ஓர் இணையப் பக்கத்திலிருந்து அச்செடுத்த தாள் ஒன்றைக் காட்டினான். வாங்கிப் படித்தால் வரிக்கு வரி என்னுடையது. என் அம்மாவின் முழங்கால் வலிகூட அப்படியே இருக்கிறது, அம்மா மட்டும் வேறு யாருக்கோ அம்மா ஆகிவிட்டார். என் பெயர் போனதைவிட, தேதி இல்லாமல் போனதுதான் என்னை உறுத்தியது. எழுதியபோது உண்மையாக இருந்த வரி, தேதியைக் கழற்றிவிட்டதும் பொய்யாகி ஒரு பிள்ளை கையில் வந்து நிற்கிறது.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்குப் பணிவாகத்தான் எழுதினேன். எங்கள் பதிவு 2019 டிசம்பர், நீங்கள்தான் எங்களிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் பதிவின் தலையில் அப்படித்தான் இருந்தது. பதிவு எழுதுகிற எல்லாருக்கும் தெரியும், வெளியிட்ட தேதியை நாமே பின்னுக்குத் தள்ளி வைக்கலாம், இரண்டு சொடுக்கு வேலை. ஆனால் அதை எப்படிக் காட்டுவது?

அப்போதுதான் வேபேக் மெஷினை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்தேன். அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, 2001-லிருந்து எல்லாருக்கும் திறந்திருக்கிறது. காசு கிடையாது, கணக்கும் தேவையில்லை. பக்கத்தின் முகவரியைப் போட்டால் ஒரு நாள்காட்டி வரும், அந்தப் பக்கத்தைப் படம்பிடித்த நாள்களில் வட்டம் இருக்கும், தட்டினால் அன்றைக்கு அது எப்படி இருந்ததோ அப்படியே திறக்கும். என் கட்டுரையை நான் சேமிக்கவே இல்லை, ஆனால் அவர்களுடைய நிரல் தானாக வந்து 2020 ஜனவரியிலேயே ஒரு நகல் எடுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ன தேதியில் அந்தப் பக்கம் இருந்தது என்றுதான் நகல் சொல்லும், அதற்கு முன்னால் இல்லை என்று சொல்லாது. அதனால் அவர்களுடைய முகப்புப் பக்கத்தையும் போட்டுத் தேடினேன். 2020, 2021, 2022 நகல்களில் உள்ள பதிவுப் பட்டியலில் பத்துமலைக் கட்டுரையே இல்லை, 2023-இல்தான் முதன்முதலாக வருகிறது. அந்த நகல்களின் இணைப்புகளை அனுப்பினேன். முகவரியின் நடுவில் வருகிற 14 இலக்கம்தான் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி. அது கிரீன்விச் நேரம், மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் பிசகும். ஒரே பக்கத்தின் இரண்டு நகல்களைப் பக்கம் பக்கமாக வைத்து எது போனது, எது சேர்ந்தது என்று வண்ணமிட்டுக் காட்டுகிற வசதியும் இருக்கிறது. யாராவது சத்தமில்லாமல் திருத்தினால் அதில் தெரிந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, முகநூலும் படவரியும் (இன்ஸ்டாகிராம்) இதில் பெரும்பாலும் சரியாகச் சிக்குவதில்லை, புலனம் (வாட்ஸ்அப்) சுத்தமாகக் கிடையாது. நம் ஆட்களிடம் தகவல் பரவுவதே புலனக் குழுக்களில்தான், அங்கே எழுதியவர் பெயர் முதல் பகிர்விலேயே உதிர்ந்துவிடுகிறது. அப்புறம், பக்கம் திறக்க நேரமாகும், படங்கள் பாதி வராது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் சேவையே சில நாள் நின்றுபோனது, 31 மில்லியன் பயனர் கணக்குகளின் விவரமும் கசிந்தது. அதனால் முக்கியமானதைச் சொந்தக் கணினியிலும் வைத்துக்கொள்கிறேன்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை தமிழில் பரவுவதற்கு முன்னால் எழுதிய தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குவியல் மாதிரி தெரியும். பக்கம் கெட்டுப்போகவில்லை, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையிலோ வேறு பழைய எழுத்துருவிலோ இருக்கிறது, அவ்வளவுதான். அப்படியே நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும். முரசு அஞ்சல் என்ற மென்பொருளில் தட்டச்சு செய்த காலத்து மலேசியத் தமிழ் எழுத்து எவ்வளவோ இப்படிக் கிடக்கிறது, யாராவது உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

மற்றவர் எழுதியதை எடுத்துப் போடுவதையே நான் குற்றம் சொல்லவில்லை. படி 272 என்பது யாருக்கும் சொந்தமில்லை, நானும் நாலு இடத்தில் படித்துத்தான் எழுதுகிறேன். எடுத்த இடத்தையும் தேதியையும் கூடவே கொண்டுபோனால், நான் திருத்தும்போது படிக்கிறவர் திரும்பி வந்து பார்க்க வழி இருக்கும். இப்போதெல்லாம் பதிவு போட்டதும் முதல் வேலையாக வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்து உடனே சேமிக்கிற பொத்தானை அழுத்துகிறேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. திருத்தினால் மறுபடியும். தமிழில் பதிவு எழுதுகிற ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இப்போது முத்துமலை 146 அடி என்று மாற்றிவிட்டார்கள், கீழே என் கட்டுரைக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்துப் போட்ட இன்னும் இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.