விஷுவல் எடிட்டரா, கையால் எழுதுவதா: கடலூரிலிருந்து இருபது வருஷ அனுபவம்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா? கடலூர் மழை அப்படி. கலெக்டர் அறிவிப்பு சில நாள் ராத்திரியே வந்துவிடும், சில நாள் விடிந்த பிறகுதான் வரும். மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கு நான் இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். முழுக்கக் கையால் எழுதியது. எது தலைப்பு, எது பத்தி என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளை டேக் என்போம், அவை ஒவ்வொன்றும் நானே தட்டியது. ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அந்தப் பள்ளி டீச்சர் போன் செய்தார்.

"தம்பி, இன்னைக்கு லீவு விட்டாச்சு. சைட்ல போட்டுடறீங்களா? எல்லாரும் எனக்கே போன் பண்ணிக் கேக்கறாங்க."

நான் அப்போது சென்னை பஸ்ஸில் திண்டிவனம் தாண்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப் வீட்டில். நான் சென்னையில் இறங்கி, ஒரு கணினியைப் பிடித்து, அறிவிப்பை ஏற்றியபோது மணி பதினொன்றரை. அதற்குள் எத்தனை பிள்ளைகள் நனைந்துகொண்டே வாசல் வரை வந்து திரும்பினார்கள் என்று டீச்சர் பிறகு சொன்னபோது எனக்கு மனசே கேட்கவில்லை.

பக்கத்தைத் திரையில் தெரிகிறபடியே இழுத்துப் போட்டு அமைக்கும் கருவி விஷுவல் எடிட்டர், டேக்குகளை நாமே அடிப்பது கையால் எழுதுவது. நான் கையால் எழுதும் கட்சி. இன்றைக்கும் அதுதான். ஆனாலும் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு புதிதாகத் தளம் கேட்டு வருகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: நான் முடித்துக் கொடுத்த பிறகு இந்தப் பக்கத்தைத் திறந்து மாற்றப் போவது யார்? பதில் வந்த பிறகுதான் எந்தக் கருவி என்று யோசிப்பேன்.

நான் ஆரம்பித்தது 2002-ல், பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில், ஃபிரண்ட்பேஜ் என்ற மைக்ரோசாஃப்ட் விஷுவல் எடிட்டரை வைத்து. வேர்டில் லெட்டர் அடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் நிற்கும். படத்தை இழுத்துப் போடு, எழுத்தைப் பெரிதாக்கு, நிறம் கொடு, முடிந்தது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு, உண்மையான ஆள் என்றால் நோட்பேடில்தான் எழுதுவான் என்று. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் சேர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசரே ஒரு எடிட்டரும்தான். பக்கத்தைப் பார்க்கிற அதே ஜன்னலில் அதைத் திருத்தவும் முடியும். டேக்குகளை மனிதர்கள் உட்கார்ந்து கையால் அடிக்க வேண்டும் என்பது வலையின் ஆரம்ப எண்ணமே இல்லை. ஆகவே விஷுவல் எடிட்டர் சோம்பேறிகளின் கருவி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குப் பிரச்சினை வந்தது தமிழில்.

அதுவரை பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்துக்கொண்டிருந்தோம். பார்க்கிறவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக ஒரு எண் தரும் யூனிகோடுக்கு மாறினால் அந்தத் தொல்லை தீரும் என்று மாறினேன். அப்போது நான் வைத்திருந்த விஷுவல் எடிட்டரில் பக்கம் அழகாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஒரு சொல்லைத் தேடி மாற்ற வேண்டி, கோப்பை நோட்பேடில் திறந்தேன். தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: தமிழ்

பக்கம் முழுவதும் இப்படித்தான். த என்றால் 2980, ம என்றால் 2990, இகரக் கொக்கிக்கு ஒரு எண், ழகரத்துக்கு ஒன்று, அதன் மேல் புள்ளிக்குத் தனியாக ஒன்று. யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் நேராகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், சொல் முழுவதும் 15 பைட்டில் முடியும். இங்கே அது 35 பைட். அளவு கூடியதுகூடப் பரவாயில்லை. என் பக்கத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை, அதுதான் வலித்தது. தேடினால் கிடைக்காது, எழுத்துப்பிழை கண்ணில் படாது. பக்கத்தின் என்கோடிங், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, மேற்கத்திய எழுத்துகளுக்கானதாக இருந்ததால், அதற்குள் அடங்காத தமிழை எடிட்டர் எண்ணாக மாற்றிச் சேமித்துக்கொண்டே வந்திருக்கிறது. மாற்றும் இடம் ஏதோ ஒரு மெனுவுக்குள் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆனது. கையால் எழுதினால் அது பக்கத்தின் தலையில் ஒரே ஒரு மெட்டா வரி.

நியாயமாகச் சொன்னால் நோட்பேடிலும் ஒரு குழி உண்டு. பழைய விண்டோஸில் அது வழக்கமாகத் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில்தான் சேமிக்கும். எச்சரிக்கை வரும்போது கவனிக்காமல் சரி என்று அழுத்திவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது. சேமிக்கும்போது கீழே இருக்கும் பெட்டியில் யூடிஎஃப்-8 என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் யூடிஎஃப்-8 அதுவாகவே வரும்படி ஆனது.

அதன் பிறகு புதுச்சேரியில் ஒரு சின்ன அலுவலகத்தில் நான்கு வருஷம் வேலை. தினம் காலை பஸ், ராத்திரி பஸ். அங்கே ட்ரீம்வீவர் என்ற எடிட்டர். 1997-ல் மேக்ரோமீடியா கொண்டுவந்தது, 2005-ல் அந்தக் கம்பெனியையே அடோபி வாங்கியது. எனக்கு எச்டிஎம்எல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார் என்று கேட்டால் அதன் ஸ்பிளிட் வியூவைத்தான் காட்டுவேன். திரையில் ஒரு பாதியில் கோடிங், மறு பாதியில் பக்கம். பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் கோடிங்கில் அந்த வரி பளிச்சென்று தெரியும். கோடிங்கில் ஒரு எண்ணை மாற்றினால் பக்கத்தில் கட்டம் விரியும். டேபிளுக்குள் வரிசை, வரிசைக்குள் கட்டம் (அதன் டேக் பெயர் டிடி) என்பது புத்தகத்தில் எத்தனை தடவை படித்தும் ஏறாமல், இங்கே ஒரு வாரத்தில் விரலுக்கு வந்தது. இப்போதும் கற்றுக்கொள்ள வருகிற பையன்களை முதல் மாதம் இப்படி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற ஏதாவது ஒன்றில்தான் உட்கார வைப்பேன். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விஎஸ் கோடு என்ற இலவச எடிட்டரில் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டு, பக்கத்தில் பிரவுசரைத் திறந்து வைத்தாலே போதும்.

கையால் எழுதுவதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது 'தானே' என்று பெயர் வைத்த புயலில். 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. அந்தப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் ஒருவருக்கு நான் சின்னதாக ஒரு தளம் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன், மொத்தமே ஐந்து பக்கம். நான்காவது நாள் அவரே பைக்கில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, குடோன்ல சரக்கு பத்திரமா இருக்கு. லாரி வர்றதுக்குத்தான் வழி இல்லை. வெளியூர்க் கடைக்காரங்க நாம அழிஞ்சே போயிட்டோம்னு வேற ஆளைத் தேடறாங்க. அதை மட்டும் எப்படியாவது போட்டுடு."

சிதம்பரத்தில் கரண்ட் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மரங்களை வெட்டி ஒதுக்கிய ரோட்டில் நின்று நின்று பஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு பிரவுசிங் சென்டர், பழைய எக்ஸ்பி மெஷின். ட்ரீம்வீவர் இல்லை, வேறு எந்த எடிட்டரும் இல்லை. நான் அதே கணினியின் ஃபோல்டர் ஜன்னலில், சர்வரில் கோப்புகளை ஏற்றி இறக்க உதவும் எஃப்டிபி முகவரியை அடித்து, முகப்புப் பக்கத்தை இறக்கி, நோட்பேடில் திறந்தேன். நானே எழுதிய பக்கம், எந்த வரி எங்கே என்று தெரியும். தலைப்புக்குக் கீழே ஒரு பத்தி டேக், அதற்குள் அவர் சொன்ன மூன்று வாக்கியம். பென் டிரைவில் எப்போதும் வைத்திருக்கும் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைத்துத் தமிழில் அடித்தேன். யூடிஎஃப்-8 பார்த்துச் சேமித்து ஏற்றினேன். எல்லாம் இருபது நிமிஷம். வேறொரு கடைக்கு அதே வருஷம் ஒரு விஷுவல் எடிட்டரின் டெம்ப்ளேட்டில் செய்த தளமும் என் கையில் இருந்தது. அதன் மூலக் கோப்புகள் என் வீட்டுக் கணினியில், கரண்ட் இல்லாத வீட்டில். அதை நான் தொட முடிந்தது பதினைந்து நாள் கழித்து.

இன்னொரு அனுபவம் புதுச்சேரி லாஸ்பேட்டையில். பார்வையில்லாத நண்பர் ஒருவர் என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானை வைத்துக் கணினி பயன்படுத்துகிறவர். நான் பெருமையாகச் செய்த ஒரு தளத்தை அவரிடம் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எச் விசையை அழுத்தினார். அடுத்த தலைப்புக்குத் தாவும் விசை அது. அடுத்த தலைப்பு எதுவும் இல்லை என்று குரல் வந்தது. திரும்ப அழுத்தினார், அதே பதில். என் கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் ஏழு தலைப்பு தெரிகிறது! எல்லாம் விஷுவல் எடிட்டரில் எழுத்தைத் தடிமனாக்கி, அளவைக் கூட்டிச் செய்தவை. தலைப்பு டேக் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தலைப்பு, கணினிக்கு வெறும் பத்தி. போதாததற்குப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று எடிட்டர் போட்டதை நான் மாற்றவே இல்லை, அதனால் தமிழ் வரிகளுக்கும் ஆங்கிலக் குரலே எடுத்துக்கொண்டது. அவர் பொறுமையாகச் சொன்னார்: "பரவால்ல, நான் மேலேர்ந்து ஒவ்வொரு வரியா போய்க்கிறேன்." அந்தப் பொறுமையை அவரிடம் நான் கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே ஏழு தலைப்பையும் எச்2 என்ற தலைப்பு டேக் ஆக்கினேன், மொழியைத் தமிழ் என்று மாற்றினேன். இப்போது எந்தக் கருவியில் செய்தாலும் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்காமல் கொடுப்பதில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அந்த மழைக்காலம் முடிந்ததும் தளத்தை வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றினேன், பிரவுசரிலேயே உள்ளே போய்ப் பக்கங்களைத் திருத்தும் மென்பொருள் அது. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து அதில் பிளாக் எடிட்டர் இருக்கிறது. பத்தி ஒரு பிளாக், தலைப்பு ஒரு பிளாக், படம் ஒரு பிளாக். தலைப்பு என்று எடுத்தால் உள்ளேயும் தலைப்பு டேகாகவே போய் உட்காருகிறது, என் லாஸ்பேட்டை நண்பருக்கும் அது தலைப்புத்தான். டீச்சருக்கு நான்கு பிளாக்குகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைத்துவிட்டேன், நிறம் மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டேன். முதலில் கொஞ்சம் கோபப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது. இப்போது காலையில் அறிவிப்பு வந்த ஐந்தாவது நிமிஷம் அவரே போனிலிருந்து போட்டுவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டுவதால் சில சொற்களுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி நிற்கிறது. அதை வாரம் ஒரு தடவை நான் துடைத்துக்கொள்கிறேன்.

எல்லா விஷுவல் கருவியும் இப்படி இல்லை. புதுச்சேரியில் ஒரு லாட்ஜ் தளத்தைப் போன வருஷம் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு பேஜ் பில்டரில், அதாவது துண்டுகளை இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் கருவியில், செய்தது. போன் நம்பர் மாற வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு நம்பரைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக உறை போடும் டிவ் டேக் 11. பில்டரின் லைசென்ஸ் காலாவதி, எடிட்டர் திறக்கவில்லை. அதை நிறுத்திப் பார்த்தால் பக்கம் முழுவதும் சதுர அடைப்புக்குள் புரியாத குறியீடுகள். கடைசியில் எழுத்தையும் படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு பக்கத்தையும் கையால் புதிதாக எழுதினேன். கருவி போனால் பக்கமும் கூடவே போகும் என்கிற எதையும் நான் வாங்கச் சொல்வதில்லை. நான் கற்றுக்கொண்ட ஃபிரண்ட்பேஜே 2003 பதிப்போடு நின்று, 2006-ல் மைக்ரோசாஃப்ட் அதை முடித்துக்கொண்டது. அதில் செய்த என் பழைய பக்கங்களில் வெறும் எச்டிஎம்எல்லாக இருந்தவை இன்றைய பிரவுசரிலும் திறக்கின்றன.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: ஐந்து பக்கத் தளம் கையால் எழுத எனக்கு இரண்டு நாள். பில்டரில் அரை நாள். முதல் வருஷம் பில்டர்தான் ஜெயிக்கும். மூன்றாவது, நான்காவது வருஷம் அப்டேட், லைசென்ஸ் என்று உட்காரும் நேரத்தைச் சேர்த்தால் என் அனுபவத்தில் கணக்கு திரும்பிவிடுகிறது. மாதம் ஒரு தடவைகூட மாறாத கடை, சின்னத் தொழில் என்றால் கையால் எழுதிய பக்கம். தினம் மாறுகிற அறிவிப்பு, மாற்றப் போவதும் கணினிக்காரர் இல்லை என்றால் தயங்காமல் விஷுவல் எடிட்டர், ஆனால் மொழி, தலைப்பு, என்கோடிங் மூன்றையும் உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முந்திரிக்காரரின் தளத்தை இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். அதே ஐந்து பக்கம்தான், போனில் சரியாகத் தெரிய, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். விலைப் பட்டியலை அவனே திறந்து திருத்துகிறான். போன வாரம் ராத்திரி போன்: "அண்ணே, ரேட் டேபிள் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு." கடைசியாக எந்த வரியைத் தொட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அரைப் பருப்பு வரிசையில ஒரு டிடியைக் கூடுதலாப் போட்டுட்டேண்ணே" என்று அவனே சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.