128-ஐ 320 ஆக்கினால் பாட்டு தெளிவாகுமா?

கையில் 128 கிலோபிட் எம்பி3 பாட்டு ஒன்று, அதாவது ஒரு நொடி ஒலிக்கு 128 கிலோபிட் தரவு செலவிடும் சுருக்கப்பட்ட கோப்பு, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே கேட்கலாம். 320 கிலோபிட்டுக்கு மாற்றலாம். ஒலியை இழப்பின்றிச் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றலாம். அல்லது சிடி போன்ற மூலத்திலிருந்து புதிதாக எடுக்கலாம். இந்த நான்கில் கடைசி வழி மட்டுமே ஒலித்தரத்தை உயர்த்தும். ஆனால் பலரும் நம்பிச் செய்வது நடுவில் இருக்கும் இரண்டையும்தான்.

128-இல் எது போனது என்று முதலில் பார்க்க வேண்டும். சிடியில் ஒரு நொடி ஒலிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் செலவாகிறது. எம்பி3 அதைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. உரத்த ஒலிக்கு அருகில் கேட்கும் மெல்லிய ஒலியை நம் காது பொருட்படுத்துவதில்லை. அந்த இடங்களில் துல்லியத்தைக் குறைத்தால் உண்டாகும் இரைச்சல் உரத்த ஒலிக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதுதான் அதன் கணக்கு. அருமையான கணக்கு. ஆனால் 128-இல் எல்லா இரைச்சலையும் மறைக்கப் பிட் போதாது. போதாக்குறைக்கு, 16 அல்லது 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உச்ச அலைவரிசை ஒலியைப் பல என்கோடர்கள் (ஒலியைச் சுருக்கும் மென்பொருள்கள்) அடியோடு வெட்டிவிடுகின்றன.

இந்தக் குறையைக் காதால் பிடிக்க வேண்டுமானால் சிம்பலையும் (டிரம்ஸில் உள்ள உலோகத் தட்டு) கைதட்டலையும் கவனியுங்கள். சிம்பலின் கார்வை சீராகத் தேயாமல் நீருக்குள் கேட்பதுபோல் குழைந்து சுழலும். கைதட்டலில் வேறொரு கோளாறு. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாகக் கணக்கிடுவதால், துண்டின் நடுவில் விழும் தட்டலின் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, தட்டலுக்கு முன்பே மெல்லிய சரசரப்பாக எட்டிப் பார்க்கும்.

இப்போது 320-க்கு மாற்றினால் என்ன நடக்கிறது? மாற்றி மென்பொருள் முதலில் பழைய எம்பி3-ஐ விரித்து முழு ஒலியாக்குகிறது. குழைந்த சிம்பலும் முந்திவரும் சரசரப்பும் அந்த ஒலியில் அப்படியே இருக்கும். இரண்டாவது என்கோடருக்கு எது பாட்டு, எது பழைய சுருக்கம் விட்டுச்சென்ற கறை என்று பிரித்தறிய வழியே இல்லை. எல்லாவற்றையும் பாட்டு என்றே எடுத்துக்கொண்டு, கூடுதலாகக் கிடைத்த பிட்டுகளைக் கொண்டு அந்தக் கறையையும் பத்திரமாகப் படியெடுக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு 3.84 மெகாபைட்டிலிருந்து 9.6 மெகாபைட்டாக வீங்குகிறது. அதோடு, எம்பி3 ஒவ்வொரு முறையும் எதையாவது இழக்கும் முறை என்பதால், சிறிதளவு புதிய இழப்பும் சேர்கிறது. 320-இல் அது பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. ஆனாலும் கோப்பு மூலத்தைவிட்டு இன்னும் ஓர் அடி விலகிவிட்டது.

ஃபிளாக் இதைவிட நேர்மையானது. அது கொடுத்ததை இழப்பின்றிச் சேமிக்கும். புதிய சேதம் இல்லை. ஆனால் கொடுத்ததே குறைபட்ட ஒலி என்றால் அந்தக் குறையையும் இழப்பின்றிச் சேமிக்கும், அவ்வளவுதான். அளவோ 320-ஐவிடப் பெரும்பாலும் பெரிதாகும். எனக்கு இதில் உறுத்துவது கோப்பின் பெயர். ஃபிளாக் என்று பார்ப்பவர் சிடிக்கு நிகரானது என்று நம்பிவிடுவார். பகிரப்படும்போது அந்தத் தவறான நம்பிக்கையும் கூடவே பரவுகிறது. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படத்தை, திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே பாட்டு முழுவதும் நேர்க்கோடாக வெட்டுப்பட்டு, அதற்கு மேல் வெறுமையாக இருந்தால், சுருக்கப்பட்ட கோப்பிலிருந்து வந்தது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு.

மாற்றிய பிறகு நன்றாகக் கேட்கிறதே என்பவர்கள் பொய் சொல்வதில்லை. சில மாற்றிகள் ஒலி அளவையும் சேர்த்து உயர்த்திவிடுகின்றன; சற்றே உரக்கக் கேட்பது காதுக்குத் தெளிவாகவே படும். 320 என்ற எண்ணைப் பார்த்ததும் எழும் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய பாதி முறைதான் சரியாகச் சொல்ல முடிகிறது என்றால் அது வெறும் ஊகம்.

செயற்கை நுண்ணறிவால் மேல் அலைவரிசைகளை நிரப்பும் கருவிகளும் உண்டு. அவை சேர்ப்பது ஊகித்த ஒலி. பதிவில் இருந்து தொலைந்தது அல்ல.

மாற்றுவதற்கு நியாயமான காரணங்களும் இல்லாமல் இல்லை. பழைய கருவி ஒன்று குறிப்பிட்ட வகைக் கோப்பை ஏற்காவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒலித்தொகுப்பு செய்பவர்கள் எம்பி3-ஐச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக விரித்துக்கொண்டு வேலை செய்வது சரியான முறை. இடையிடையே எம்பி3-ஆகச் சேமித்தால் ஒவ்வொரு சேமிப்பிலும் ஒலி தேயும்.

சிடியோ வேறு மூலமோ கிடைக்கும் பாட்டை அதிலிருந்து ஃபிளாக்காக எடுத்து வைத்துவிடுங்கள். கைபேசிக்கு வேண்டிய சிறிய கோப்பை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து செய்துகொள்ளலாம். மூலம் கிடைக்காத பாட்டுக்கு அந்த 128-தான் இருப்பதிலேயே சிறந்த பிரதி. 320-க்கு மாற்றிவிட்டோம் என்று அதை அழித்துவிடாதீர்கள்.