தாள அட்டைப் பெட்டி: இரண்டு மாதம் பாவித்த பிறகு

கொக்குவிலில் வீட்டில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறேன். கஸ்தூரியார் வீதியில் ஒரு புத்தகக்கடையில் 1,850 ரூபாவுக்கு வாங்கிய பெட்டி இது. தாளத்தையும் ஸ்வரத்தையும் அட்டைகளாக அடுக்கிப் பழகுவதற்கானது.

எனக்குப் பிடித்தது அட்டைகளின் நீளம். ஒரு அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, ஒரு கட்டம். தாளத்தின் அங்கங்களில் சதுஸ்ர லகு (ஒரு தட்டும் விரல் எண்ணலும்) நாலு கட்டம், திருதம் (தட்டும் வீச்சும்) இரண்டு, அனுதிருதம் (ஒரு தட்டு) ஒன்று. ஆதி தாளத்துக்கு ஒரு லகுவையும் இரண்டு திருதங்களையும் பாயில் அடுக்கினால் 8 கட்டம். அதற்குக் கீழே ஸ்வர அட்டைகள். லகுவின் கட்டங்களில் விரல்களும் வரைந்திருக்கிறது. ஏழு கட்ட மிஸ்ர லகுவில் பெருவிரலுக்குப் பிறகு திரும்பவும் சுண்டுவிரல் வருவதைக் கூடச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். கொப்பியில் எழுதும்போது பிள்ளைகள் ஸ்வரத்தை அகலமாகவும் அதை ஒரு அட்சரம் நீட்டச் சொல்லும் காற்புள்ளியை மூலையில் ஒரு பொட்டு மாதிரியும் எழுதுவார்கள். எழுதினபடியேதான் பாடவும் செய்வார்கள்.

ஜம்பை தாளத்தில் வரும் அலங்காரத்தை (ஸ்வரப் பயிற்சியை) எடுங்கோ. 'சரிகசரிசரி | க | ம ,' மொத்தம் 10 அட்சரம். அந்தக் கடைசிக் கார்வையை (நீட்டலை) விழுங்கிவிட்டு அடுத்த 'ரி'க்குப் பாய்வது ஒவ்வொரு வருசமும் நடக்கிறது. கை வீச்சுக்குத் திரும்ப முதல் வாய் அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) நிற்கும். போன கிழமை ஒரு பிள்ளை ஸ்வரங்களை அடுக்கிவிட்டு, "ரீச்சர், ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானே பெட்டியைக் கிளறிக் காற்புள்ளி அட்டையை எடுத்து வைத்துவிட்டுப் பாடினாள். நாலு கிழமையாக நான் தொண்டை கிழியச் சொன்னது அதுதான்.

ஆனால் அரைப்புள்ளி அட்டை பெரிய பிழை. அது இரண்டு அட்சரக் கார்வைக்கான குறி. இதில் காற்புள்ளியின் அளவிலேயே வெட்டியிருக்கிறார்கள். "இதுவும் ஒண்டுதானே, ரீச்சர்?" என்று கேட்ட பொடியனில் பிழையில்லை, கண்டதைச் சொன்னான். நீளத்தை நம்பப் பழக்கிவிட்டு ஒரு இடத்தில் மாற்றினால் பிள்ளை எதை நம்பும்? பழைய கலண்டர் மட்டையில் இரட்டை நீளமாக வெட்டிப் போட்டிருக்கிறேன். இரண்டாம் காலத்துக்கு (இரட்டிப்பு வேகத்துக்கு) மேற்கோடு போட்ட அட்டைகளும் இல்லை, அதைக் கரும்பலகையில்தான் காட்டுகிறேன்.

ஏழு அலங்காரமும் கைக்கு வந்த பிள்ளைக்கு நான் இதை எடுப்பதில்லை. கண் பாயிலேயே நின்றால் கை சோர்ந்துவிடும். ஆரம்பப் பாடமான சரளி வரிசை தொடங்கும் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். அரைப்புள்ளியை மட்டும் முதலே வெட்டி வைத்துக்கொள்ளுங்கோ.